பிதா இழுத்தால்தான் வரமுடியும் என்றால் சுயசித்தம் எதற்கு?

‘பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்’ என்று இயேசு சொல்லும் யோவான் 6:44-ஐ வைத்து எழும் இந்தக் கேள்விக்கான தகராறே ‘இழுத்துக்கொள்ளாவிட்டால்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. மூலத்திலுள்ள அதே கிரேக்க வினைதான் 21:11-ல் பேதுரு 153 மீன்களோடு வலையை இழுக்கும்போதும் வருகிறது. வலை மறுப்பதில்லை; தேவன் இழுத்தால் மனிதன் மறுத்து நிற்க முடியாது என்னும் கால்வின் வழியினருக்கு இது வலுவான பிடி. ஆனால் 12:32-ல் ‘எல்லாரையும்’ இழுத்துக்கொள்ளுவேன் என்கிறார் இயேசு. எல்லாரும் வந்துவிடவில்லையே, அப்படியானால் இழுப்பை மறுக்க முடியும் என்பது ஆர்மினியர் (டச்சு இறையியலாளர் ஆர்மினியஸின் வழியினர்) வாதம். ஆர்மினியரின் இந்தப் போதனையை 1618–19-ல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சபைச் சங்கம் நிராகரித்தது.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஆர்மினியரைப் பெலாகியர் என்றே சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம். உள்ளே கிரியை செய்யும் கிருபை இல்லாமலே மனிதன் நன்மையைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற பெலாகிய போதனையை 418-ல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. ஆர்மினியஸோ, கிருபை முந்தி வராமல் விசுவாசம் தொடங்கவே தொடங்காது என்றார். அந்தக் கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா என்பதில்தான் கால்வின் வழியினரோடு அவருக்குப் பிளவு.