புரூஃபிலிருந்து புத்தகத்துக்கு: பாலக்கோடு வாசகிக்குப் பதில்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தமிழ் எம்.ஏ. படித்திருக்கிறேன். சில வருடங்களாக வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்குப் பக்கக் கணக்கில் புரூஃப் பார்த்து, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்திக் கொடுக்கிறேன். பல புத்தகங்களில் எழுத்துப்பிழை பெரிய விஷயமே இல்லை, அத்தியாயமே இடம் மாறிக் கிடக்கிறது, நடுவில் சொல்லவந்தது தொலைந்துவிடுகிறது. அதைச் சரிசெய்து தருவதைத் தொழிலாகச் செய்ய முடியுமா? இந்த ஊரில் இருந்துகொண்டு யாரைப் பிடிப்பது, எவ்வளவு கேட்பது? எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? லோகோ, விசிட்டிங் கார்டு எல்லாம் இப்போதே வேண்டுமா?"

முடியும். நான் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் செய்கிறேன், சென்னையில் வீடு எடுத்திருந்தால் கூடுதலாகச் சம்பாதித்திருப்பேன் என்று தோன்றவில்லை. ஆனால் யாரிடம் பணம் வாங்கப்போகிறோம் என்பதில் முதலிலேயே தெளிவாக இருந்துவிடுங்கள். இப்போது உங்களுக்குப் புரூஃப் அனுப்புகிற பதிப்பகங்கள் இதற்குத் தனியாகக் காசு தருவது அபூர்வம். சில நூறு பிரதிகள் அடிக்கிற புத்தகத்தில் அட்டை, லேஅவுட், காகிதம், அச்சு, பைண்டிங் எல்லாம் போக மிச்சத்தில்தான் புரூஃபுக்கே கொடுக்கிறார்கள். அங்கே போய் அத்தியாயங்களை மாற்றி அடுக்கித் தருகிறேன் என்று சொன்னால், "அப்படியே எடிட்டிங்கும் சேர்த்துப் பார்த்துடுங்களேன்" என்று அதே பக்கக் காசில் தலையில் கட்டிவிடுவார்கள். உங்கள் வாடிக்கையாளர் எழுதியவர்தான், அதுவும் அச்சுக்குப் போகாத மூலப் பிரதி பதிப்பகத்துக்குப் போவதற்கு முன்னால்.

சரி, அவர் மட்டும் எதற்குக் கொடுப்பார்? புரூஃப் என்றால் பக்கமெல்லாம் சிவப்பாக இருக்கும், வேலை நடந்தது கண்ணுக்குத் தெரியும். புத்தகத்தின் அமைப்பைச் சரிசெய்கிறேன் என்றால் என்ன வாங்குகிறோம் என்றே அவருக்குப் புரியாது, முன்பின் தெரியாத ஒருவருக்கு அதற்காக 15,000 ரூபாய் அனுப்பவும் மாட்டார். அதனால் நான் யார் கேட்டாலும் சொல்வது, முதலில் வாசிப்பு அறிக்கையை விற்றுப் பழகுங்கள். பிரதியில் கை வைக்கக் கூடாது. முழுதாகப் படித்து, ஐந்திலிருந்து எட்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். இந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று நீங்கள் புரிந்துகொண்டதை மூன்று வாக்கியத்தில் முதலிலேயே போட்டுவிடுங்கள், "நான் சொல்லவந்தது அது இல்லையேம்மா" என்று அவர் போன் செய்தாரென்றால் பாதி வேலை முடிந்துவிட்டது. பிறகு எது நன்றாக இருக்கிறது, எந்த இரண்டு மூன்று பெரிய சிக்கல்களைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும், அத்தியாயங்களை எப்படி மாற்றி அடுக்கலாம். அவ்வளவுதான். அதை வைத்து அவரே திருத்திக்கொள்ளலாம், இல்லை உங்களையே கூட உட்காரச் சொல்லலாம். கூட உட்காரும் வேலைதான் பெரிய வேலை, அதற்கு வாசல் இந்த அறிக்கை.

அறிக்கைக்கு அடிப்படை ஒரு அட்டவணை. எக்செல் போதும், கோடு போட்ட நோட்டும் போதும். அத்தியாயத்துக்கு ஒரு வரி: என்ன நடக்கிறது, எத்தனை சொல், வாசகருக்குப் புதிதாக என்ன கிடைக்கிறது, எந்தக் கேள்வியோடு அடுத்ததற்குப் போகிறார். ஒரு உதாரணம் சொல்கிறேன், பல பிரதிகளைக் கலந்து நானே செய்த உதாரணம்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தன் ஊரைப் பற்றி 60,000 சொல் எழுதியிருக்கிறார். நம் பக்கத்து ஊர் வரலாறு என்றால் முதல் அத்தியாயத்தில் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தே தீருவார் (அந்த ஔவையும் பாதிப் பேர் பிரதியில் ஒ, ள, வை என்று பிரிந்துதான் வருவார், அது உங்கள் பழைய வேலை). அப்புறம் நடுகற்கள். அப்புறம் பாராமகால் (நம் பகுதியின் பழைய பெயர்), 1792-இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது, அதை நிர்வகித்த கம்பெனி அதிகாரிகள் ரீட், மன்றோ. இப்படியே 16,000 சொல் போனபிறகு ஏழாம் அத்தியாயத்தில்தான் அவருடைய ஊர் வருகிறது. ஏரி மதகை யார் திறப்பது என்று இரண்டு தெருவுக்கும் நடந்த தகராறு, அதைத் தேதி போட்டு எழுதிவைத்த அவர் அப்பாவின் நோட்டு, ஏரி வறண்டதும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள். அட்டவணையில் 'புதிதாக என்ன' என்ற கட்டம் முதல் ஆறு வரிகளுக்கும் காலியாகவே இருக்கும். பாடப்புத்தகத்தில் படித்ததைத்தான் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

இதை எப்படி எழுதுவது என்பதில்தான் உங்கள் கோபக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. "முதல் ஆறு அத்தியாயமும் தேவையில்லை" என்று எழுதினால் அவர் அடுத்த வரியைப் படிக்கமாட்டார், நானாக இருந்தாலும் படிக்கமாட்டேன். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஐயா, மதகுத் தகராறு வரும் ஏழாம் அத்தியாயத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது, அப்பாவின் நோட்டு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் வாசகர் அந்த இடத்துக்கு வர 80 பக்கம் ஆகிறது. புத்தகத்தை மதகிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாமா? நடுகற்களில் உங்கள் ஊர் எல்லையில் இருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லைத் தகராறு வருகிற இடத்தில் சொல்லலாம். பாராமகால் பகுதி நிலவரி பேசும் அத்தியாயத்தில் இரண்டு பக்கமாக வந்தால் போதும் என்று நினைக்கிறேன்." இதில் காசுக் கணக்கும் உண்டு. 16,000 சொல் 4,000 ஆகிறது என்றால் 12,000 குறைகிறது, டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால் 60 பக்கம், ஒரே தாளாக அச்சாகும் 16 பக்கம் ஒரு பாரம் என்றால் கிட்டத்தட்ட நாலு பாரம். கைக்காசு போட்டு அச்சடிக்கப்போகிறவருக்கு உங்கள் இலக்கிய வாதத்தைவிட நாலு பாரம் சீக்கிரம் புரியும். அறிக்கையை அனுப்பிய அன்றே போன் செய்யாதீர்கள். கோபம் வரும், வரட்டும், இரண்டு நாள் கழித்துப் பேசுங்கள். அதற்குப் பிறகும் நெல்லிக்கனி இருந்தே ஆகவேண்டும் என்றால் இருக்கட்டும், அவர் பெயரில் வரும் புத்தகம்.

இன்னொன்று, அவர் எழுத்தில் வருகிற நம் ஊர்ப் பேச்சை, கன்னடமும் தெலுங்கும் கலந்து வருகிற சொற்களை, மதுரைக்காரருக்குப் புரியாதே என்று பொதுத்தமிழாக அரைத்துவிடாதீர்கள். புரூஃப் பார்த்த கைக்கு அந்தப் பழக்கம் இருக்கும்.

கட்டணம். பக்கக் கணக்கை மறந்துவிடுங்கள், மணிக்கணக்கில் யோசித்துச் சொல் கணக்கில் கேளுங்கள். மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வேலை, போன், பில் போடுவது, ஆள் தேடுவது எல்லாம் போக உண்மையாகப் பிரதியோடு உட்காரும் நேரம் மாதத்துக்கு 100 மணிக்கு மேல் வராது. அப்படியானால் மணிக்கு 300. அதே 60,000 சொல் பிரதியை முதல்முறை குறிப்பெடுத்துப் படிக்க 12 மணி, அறிக்கை எழுத 8 மணி, ஆக அறிக்கைக்கு 6,000 ரூபாய். கூட உட்காரும் முழு வேலை என்றால் இதோடு பிரதிக்குள் இறங்கி ஓரக்குறிப்புப் போட 18 மணி, பேச 4 மணி, அவர் திருத்தி அனுப்பியதை மறுபடி படிக்க 8 மணி. மொத்தம் 50 மணி, 15,000 ரூபாய், சொல்லுக்கு 25 காசு. இது தொடக்கக் கட்டணம். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம், முதல் வேலையிலேயே நேரத்தைக் குறித்துவையுங்கள். அறிக்கை வாங்கியவர் முழு வேலைக்கு வந்தால் கொடுத்த 6,000-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், அது நியாயமும்கூட, ஏனென்றால் அந்த 20 மணி ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. நட்புக்காகக் குறைப்பதென்றால் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள், மூன்று அத்தியாயத்துக்கு மட்டும் அறிக்கை என்பதுபோல. முழுசாகச் செய்துவிட்டுப் பாதிக் காசு வாங்கினால் அடுத்து அவர் அனுப்பிவைக்கிற ஆளும் பாதிக் காசோடுதான் வருவார்.

சொல் கணக்கு என்றதும் ஒரு எச்சரிக்கை. பிரதி பாமினியில் வரும், வேறு பழைய எழுத்துருவில் வரும், நோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் 140 படமாகவும் வரும். யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில்தான் எண்ணுவேன், தட்டச்சும் எழுத்துரு மாற்றமும் தனி என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்களை எங்கே பிடிப்பது? உங்களைச் சுற்றியே இருக்கிறார்கள். என் கணிப்பில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மூன்று வகைப் பிரதிக்குக் குறைவே இல்லை: ஊர் வரலாறும் தன்வரலாறும் எழுதும் ஓய்வுபெற்றவர்கள், முனைவர் பட்ட ஆய்வேட்டைப் புத்தகமாக்க நினைக்கும் கல்லூரி ஆசிரியர்கள், முதல் நாவல் எழுதும் இளைஞர்கள். தொடங்குவதற்கு நடுவில் சொன்ன கல்லூரி ஆசிரியர்களைப் பிடியுங்கள். ஆய்வேடு ஏற்கெனவே எழுதி முடிந்தது, எழுதியவருக்குச் சம்பளம் வருகிறது, சிக்கலும் எல்லா ஆய்வேட்டிலும் ஒன்றுதான்: ஆய்வு நோக்கம், கருதுகோள், முன்னாய்வுகள், ஒவ்வொரு இயல் முடிவிலும் தொகுப்புரை. இதையெல்லாம் எடுத்துவிட்டு அவர் உண்மையில் கண்டுபிடித்ததை முன்னால் கொண்டுவருவது உங்கள் எம்.ஏ.வுக்குக் கைவந்த வேலை. நாவலைக் கடைசியில் எடுங்கள், அதில் கையில் காசும் குறைவு, கண்ணீரும் அதிகம். தகடூர் புத்தகப் பேரவைக் கூட்டங்களுக்கும், தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களுக்கும் போய் எழுதுகிறவர்களோடு பேசுங்கள். வேலை கேட்காதீர்கள், என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். எழுதுகிறவர் அந்தக் கேள்விக்கு அரைமணி நேரமாவது பதில் சொல்வார். தெரிந்த ஒருவரின் பிரதிக்கு மட்டும் காசில்லாமல் அறிக்கை எழுதி, பெயரையும் அடையாளத்தையும் மறைத்து அதில் இரண்டு பக்கத்தை மாதிரியாகக் காட்ட எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். இலவசம் அந்த ஒன்றோடு சரி.

பருவமும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருவதால் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எல்லாருக்கும் அவசரம், நவம்பரில் வருகிறவரிடம் அத்தியாயத்தை மாற்றச் சொன்னால் அடிக்க வருவார். அந்த மூன்று மாதம் புரூஃப் பாருங்கள், கைச்செலவுக்கு ஆகும். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட்வரைதான் இந்த வேலைக்குக் காலம். அதனால் புரூஃபை இப்போதைக்கு விடவே வேண்டாம்.

ஓசூர் உங்களுக்குப் பக்கம். அங்கேயும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதித் தாங்களே வெளியிடுகிறவர்கள் உண்டு, காசு தயங்காமல் தருவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் நிறையப் படிக்கிறவராக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். அமெரிக்காவின் எடிட்டோரியல் ஃப்ரீலான்சர்ஸ் அசோசியேஷன் தன் கட்டணப் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறது, வேலை வகைகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்க்க நல்லது. அந்த டாலரை ரூபாயாக்கிப் பாலக்கோட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஒப்பந்தம் என்று பத்திரம் எழுதவேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும், "சம்மதம்" என்று அவர் பதில் போடவேண்டும். எத்தனை சொல், என்ன தருவீர்கள், என்ன தரமாட்டீர்கள் (புரூஃப் இதில் கிடையாது என்று தனி வரியாகவே எழுதுங்கள், உங்களிடம் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்), எந்தத் தேதி, திருத்தியதை எத்தனை முறை மறுபடி படிப்பீர்கள். பாதிப் பணம் முன்பணம், அது கணக்கில் ஏறியபிறகுதான் கோப்பைத் திறப்பது. நடுவில் அவர் நிறுத்திவிட்டால் அதுவரை செய்த மணிக்குப் பணம். பதிப்புரிமை முழுக்க அவருடையது, பிரதியை வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்பதும் இருக்கட்டும். அவருடைய அனுமதி இல்லாமல் சாட்ஜிபிடி மாதிரியான எதிலும் ஏற்றமாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், இப்போது முதல் கேள்வியாகவே வருகிறது.

வரியைப் பற்றி ரொம்பப் பயப்படாதீர்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. கல்லூரியோ கம்பெனியோ பணம் தரும்போது 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால், வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், கட்ட வரியே இல்லையென்றால் திரும்ப வந்துவிடும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ஆதாரும் பானும் வைத்து இணையத்தில் நீங்களே போடலாம், இலவசம், அதற்குக் காசு கேட்கிற இணையதளம் எதுவும் அரசுடையது இல்லை. அப்படிப் பதிந்த சிறு தொழில்களுக்குத் தரவேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தரவேண்டும் என்று சட்டம் இருப்பதால், பில்லில் உத்யம் எண்ணைப் போட்டுவையுங்கள். இழுத்தடிக்கிற பதிப்பகத்திடம் பேசும்போது கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

லோகோ வேண்டாம். கார்டு வேண்டுமானால் நூறு அடித்துக்கொள்ளுங்கள், பெயருக்குக் கீழே 'எடிட்டர்' என்று மட்டும் போட்டால் கல்யாண வீடியோவா என்று கேட்பார்கள், 'புத்தகப் பிரதி வாசிப்பு அறிக்கை' என்று முழுசாகப் போடுங்கள். கட்டணத்தை அச்சடிக்காதீர்கள், இரண்டு மூன்று அறிக்கை முடிந்ததும் ஏற்றத்தான் போகிறீர்கள்.