பெர்லின் மாரத்தானுக்குத் தனியாகப் போகிறேன்: எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் தனியார் நிறுவன வேலை. பிடித்தம் போகக் கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் இஎம்ஐ 24,000, எஸ்ஐபி 10,000, வீட்டுச் செலவில் என் பங்கு 26,000. அவசரத்துக்கென்று 3 லட்சம் எஃப்டியில் இருக்கிறது. முதிர்ந்த ஆர்டி பணம் 60,000 சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. அடுத்த செப்டம்பரில் நடக்கும் பெர்லின் மாரத்தானுக்குக் குலுக்கலில் பெயர் கொடுத்திருக்கிறேன், முடிவு சில வாரங்களில் வரும். குடும்பத்தில் யாரும் கூட வரவில்லை. தனியாக வெளிநாடு போவது இதுவே முதல்முறை. ஒரு பயண நிறுவனம் பிப் நம்பரும் (ஓடுபவர் மார்பில் குத்தும் எண், அதாவது ஓட்டத்தில் இடம்) 4 இரவுத் தங்கலும் சேர்த்து 1,45,000 கேட்கிறது. தனி அறை வேண்டுமென்றால் இன்னும் 45,000. விமானமும் விசாவும் அதில் சேராது. அதை எடுக்கலாமா? பணத்துக்கு எஃப்டியை உடைப்பதா, டிக்கெட்டை நோ-காஸ்ட் இஎம்ஐயில் போடுவதா? அங்கே பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: முதலில் எஃப்டி. உங்கள் இஎம்ஐயும் வீட்டுச் செலவும் சேர்ந்து மாதம் 50,000. மூன்று லட்சம் என்பது சரியாக ஆறு மாதத்துக்கான அவசர நிதி, அதில் உபரி என்று ஒரு ரூபாய்கூட இல்லை. அதைத் தொடாமலே இந்தப் பயணம் நடக்கும். ஆனால் பணத்தை எந்த வரிசையில் கட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு யூரோவைச் சற்றுத் தாராளமாக 110 ரூபாய் என்று வைக்கிறேன். பெர்லின் நுழைவுக் கட்டணம் 200 யூரோவைத் தாண்டிவிட்டது, 230 என்று ஒதுக்குங்கள்: 25,300. ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் சேர்த்து 12,500. கைரேகை கொடுக்கச் சென்னை போய்வர 4,000. விமானத்துக்கு 75,000. ஐந்து இரவு, இரவுக்கு 100 யூரோ, அதன்மேல் நகர வரி 7.5 சதவிகிதம் (2025 ஜனவரியில் 5 சதவிகிதத்திலிருந்து உயர்த்தினார்கள்) என்று 59,000. சாப்பாடு நாளுக்கு 40 யூரோ, ஆறு நாளுக்கு 26,400. உள்ளூர்ப் பயணம் 5,500, காப்பீடு 4,000, மொபைல் டேட்டா 3,000, கார்டு மற்றும் நாணய மாற்றுக் கட்டணங்கள் 4,000. ஓட்டத்துக்கு முன் நம்பர் கொடுக்கும் எக்ஸ்போ கண்காட்சியில் கை சும்மா இருக்காது, அதற்கு 100 யூரோ, 11,000. மொத்தம் 2,29,700.

உங்களிடம் மாதம் மிஞ்சுவது 18,000. டிசம்பர் முதல் செப்டம்பர் வரை பத்து மாதத்துக்கு 1,80,000, கையில் உள்ள 60,000 சேர்த்தால் 2,40,000. இடுக்கமான கணக்குதான், ஆனால் நிற்கிறது. ஏனென்றால் எல்லாப் பணமும் ஒரே நாளில் வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம் ஆர்டி பணத்திலிருந்து போகும். ஜூன் தொடக்கத்தில் கையில் 1,42,000-க்கு மேல் இருக்கும். விசாவுக்கும் விமானத்துக்கும் 91,500 போனபின் சுமார் 51,000 மீதி. அடுத்த நான்கு மாதச் சேமிப்பு 72,000 அதோடு சேர்ந்து மற்றதையெல்லாம் அடைக்கும். இந்த 18,000 சம்பளம் வந்த மறுநாளே ஆர்டிக்கோ லிக்விட் ஃபண்டுக்கோ போய்விட வேண்டும். பத்து மாதப் பணத்தைப் பங்குச் சந்தை பக்கம் கொண்டுபோகாதீர்கள். எஸ்ஐபியையும் நிறுத்த வேண்டாம். கை மீறினால் அதை இரண்டு மாதம் நிறுத்துவது பர்சனல் லோனை விடப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

நோ-காஸ்ட் இஎம்ஐயை நான் மறுப்பதற்குப் பிராசசிங் கட்டணமும் வட்டிமேல் வரும் ஜிஎஸ்டியும் மட்டும் காரணமல்ல. இஎம்ஐயில் போட்ட தொகை கார்டு லிமிட்டில் அடைபட்டு நிற்கும். தனியாகப் போகிற ஒருவருக்கு வெளிநாட்டில் உண்மையான அவசர நிதியே அந்த லிமிட்தான். கால் பிசகிக் கூடுதலாக மூன்று நாள் தங்க நேர்ந்தாலும், திரும்பும் விமானத்தைத் தவறவிட்டாலும் பக்கத்தில் பர்ஸை எடுக்க ஆள் கிடையாது. குறைந்தது ஒன்றரை லட்சம் லிமிட்டாவது காலியாக இருக்க வேண்டும். அதில் 40,000 வரை செலவாகிவிட்டால், திரும்பி வந்து எஃப்டியின்மேல் ஓவர்டிராஃப்ட் எடுத்துக் கட்டி, இரண்டு மூன்று மாதத்தில் அடைத்துவிடலாம். எஃப்டிக்கு இந்தப் பயணத்தில் இருக்கிற ஒரே வேலை அது.

பயண நிறுவனத்தின் தொகுப்பு தனி அறையோடு 1,90,000. அதே இரண்டையும், அதாவது நுழைவையும் தங்கலையும், குலுக்கலில் வென்று நீங்களே ஏற்பாடு செய்தால் ஓர் இரவு கூடுதலாகவே 84,300. வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த ஒரு லட்சம் உறுதியான பிப் நம்பருக்கான விலை. குலுக்கலில் பெயர் வந்தால் தொகுப்புக்கு வேலையே இல்லை. வராவிட்டால், உங்கள் வருமானத்தில் அடுத்த வருடக் குலுக்கலுக்குக் காத்திருங்கள் என்பேன். தொகுப்பாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் வாங்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்தது நஷ்டமல்ல, உங்கள் பெயரில் வரவாக ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் தெரிவித்தால் சம்பள டிடிஎஸ்ஸிலேயே சரிசெய்யவும் 2024 அக்டோபர் முதல் வழி உண்டு. விமானத்தையும் ஹோட்டலையும் தனித்தனியாக நீங்களே வாங்கினால் அது தொகுப்பில் வராது. ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டை) ஏற்றும் பணத்துக்கும் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் தாண்டும்வரை டிசிஎஸ் இல்லை.

இன்னொருவரின் பிப்பை விலைக்கு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பழைய டெம்பல்ஹாஃப் விமான நிலையத்தில் நடக்கும் எக்ஸ்போவில், புகைப்பட அடையாளத்தோடு நேரில் போனால்தான் நம்பர் தருவார்கள், கையில் பட்டையும் கட்டிவிடுவார்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், மாரத்தான் படிவத்தில் அப்பா பெயர், விமான டிக்கெட்டில் கணவர் பெயர், காப்பீட்டில் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அச்சாகியிருப்பது எதுவோ அதுவே மற்ற மூன்றிலும் இருக்கட்டும்.

இப்போது வரிசை. நுழைவு உறுதியானதும் அன்றைக்கே ஹோட்டலைப் பிடியுங்கள், ஆனால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய, அங்கே போய்ப் பணம் கட்டுகிற அறையாக. மாரத்தான் வாரத்தில் பெர்லின் அறை விலை ஏறும், டிசம்பரில் பிடித்ததற்கும் ஜூலையில் பிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். ஓட்டம் தொடங்குவதும் முடிவதும் பிராண்டன்பர்க் வாயிலை ஒட்டித்தான். அதற்காக அங்கேயே தங்க வேண்டியதில்லை. எஸ்-பான் ரயில் தடத்தில் அரை மணி தள்ளி, சின்னச் சமையலறையோடு அறை கிடைத்தால் காசும் மிச்சம், வயிறும் பத்திரம். முந்தைய இரவு சாதமும் தயிரும் சாப்பிட்டுப் படுக்கலாம். இங்கிருந்து நெய், பால்கோவா கட்டிக்கொண்டு போகாதீர்கள், இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள்.

அடுத்து விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கோடைச் சுற்றுலாக் கூட்டம் இருக்கும், ஆகவே திறந்ததுமே நாள் பிடியுங்கள். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கியதாக, திரும்பும் நாளுக்குப்பின் மூன்று மாதமாவது செல்லுவதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்டில் அதிகாரிகள் பார்ப்பது மீதித்தொகையை மட்டுமல்ல, அது எப்படி வந்தது என்பதையும்தான். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் வாங்கிய இரண்டு லட்சம் கணக்கில் குதித்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணமாகும். மாதாமாதம் வரும் சம்பளமும், எஃப்டி ரசீதும், அலுவலக விடுப்புக் கடிதமும், மாரத்தான் பதிவு உறுதியும் போதுமான கதையைச் சொல்லும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. அதனால்தான் விமான டிக்கெட் இந்த வரிசையில் கடைசி. விண்ணப்பத்துக்கு முன்பதிவு விவரம் போதும். பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் பணம் கட்டுங்கள். அதற்குள் இரண்டாயிரம் மூவாயிரம் ஏறினாலும் அது 75,000-த்தை இழக்காமல் இருப்பதற்கான பிரீமியம்.

திரும்பும் நாளைச் செவ்வாயாக வையுங்கள். ஓட்டம் ஞாயிறு. அன்றிரவே விமானம் ஏறினால் ஓர் இரவு வாடகை மிச்சம்தான், ஆனால் 42.195 கிலோமீட்டர் ஓடிய கால்களை உடனே பத்து மணி நேரம் மடக்கி உட்காரவைப்பது ரத்தக் கட்டி அபாயத்தைக் கூட்டும். வியாழன் காலை போய்ச் சேர்ந்தால் மூன்றரை மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழகவும் எக்ஸ்போவுக்கும் நேரம் கிடைக்கும். ஓடும் ஷூ கைப்பையில் வரட்டும், செக்-இன் பெட்டி ஒருநாள் தாமதமானாலும் ஓடலாம். எனர்ஜி ஜெல்லைத் திரவமாகத்தான் பார்ப்பார்கள், அது பெட்டிக்குள் போகட்டும்.

காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவக் காப்பு கேட்பார்கள், எதையோ மலிவாக வாங்கி ஒட்டிவிடுவோம். அதே பாலிசியின் விலக்குப் பட்டியலில் போட்டி விளையாட்டு, சாகச விளையாட்டு என்று ஒரு வரி இருக்கலாம். 35-வது கிலோமீட்டரில் மயங்கி விழுந்து மருத்துவமனை போனால் அந்த வரிதான் பேசும். பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, “அமெச்சூராக மாரத்தான் ஓடும்போது ஏற்படும் காயமும் நோயும் சேருமா?” என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் “சேரும் மேடம்” என்பது செல்லாது. பயண ரத்துக் காப்பில் எந்தெந்தக் காரணங்கள் எழுதியிருக்கின்றனவோ அவற்றுக்கு மட்டும்தான் பணம் வரும். ஆகஸ்டில் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்தால், மருத்துவர் சான்றோடு அது சேருமா என்று அதே மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். ஹோட்டலின் இலவச ரத்துக்குக் கடைசி நாள் எது என்று காலண்டரில் குறியுங்கள். அதற்கு ஒரு வாரம் முன், ஓட முடியுமா முடியாதா என்ற முடிவை நேர்மையாக எடுத்துவிட வேண்டும்.

பணம் கொண்டுபோக மூன்று வழியாகப் பிரியுங்கள். ரொக்கம் 250 யூரோ. பெர்லினில் இன்னும் ரொக்கம் கேட்கும் கடைகள் உண்டு, உள்ளூர் வங்கி அட்டையை மட்டும் வாங்கும் கடைகளும் உண்டு. பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டில் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் 400 யூரோ. இரண்டையும் பயணத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கலாம். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் மாற்றினால் ஜிஎஸ்டி 180 ரூபாய்தான், கவனிக்க வேண்டியது மாற்று விகிதத்தில் ஒளிந்திருக்கும் லாபம். அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டு இரண்டு இடத்தில் கேளுங்கள். மூன்றாவது, கிரெடிட் கார்டு. பொதுவாக 3.5 சதவிகித மார்க்-அப் (நாணய மாற்றுக் கட்டணம்), ஜிஎஸ்டியோடு 4.13. மார்க்-அப் இல்லாத கார்டு கிடைத்தால் அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஹோட்டலில் முன்பணம் பிடித்துவைக்கக் கிரெடிட் கார்டையே கொடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் பிடித்த தொகை விடுபடும்வரை உங்கள் சாப்பாட்டுக் காசு அடைபட்டுக் கிடக்கும். கார்டு இயந்திரம் “ரூபாயா, யூரோவா?” என்று கேட்டால் எப்போதும் யூரோ. யுபிஐ அங்கே கைகொடுக்காது. வங்கி ஆப்பில் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை இன்றே திறந்துவையுங்கள், நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கே அது வேண்டும். ஓடிபி வரும் சிம்மில் ரோமிங் உயிரோடு இருக்கட்டும்.

சின்ன ஓட்டைகள் சில. பெர்லின் ரயில், பஸ் டிக்கெட் கணக்கில் விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, ஏபி டிக்கெட் செல்லாது, ஏபிசி வாங்குங்கள். காகித டிக்கெட்டை ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை குத்த மறந்தால் 60 யூரோ அபராதம். தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை பிடிப்பார்கள், காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் போன்றவை மட்டுமே விதிவிலக்கு. ஓடி முடித்துப் பசியோடு அலையாமல் இருக்கச் சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். ஓட்டத்தின்போது இடுப்புப் பையில் போன், ஒரு கார்டு, 20 யூரோ நோட்டு. பாஸ்போர்ட்டும் இன்னொரு கார்டும் அறையில். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் புகைப்படம், மெடலில் பெயர் பொறிப்பு, ஃபினிஷர் ஜாக்கெட் என்று வரிசையாக விற்பார்கள். அந்த நேரத்து மனசுக்கு விலை தெரியாது, ஒதுக்கிய 100 யூரோவில் எது வேண்டுமென்று இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

மிஞ்சிய யூரோவைத் திரும்பியபின் 180 நாளுக்குள் விற்றுவிடலாம், 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்திருக்கவும் அனுமதி உண்டு. நாணயங்களை இங்கே பணமாற்றுக் கடைகள் வாங்குவதில்லை. அவற்றைச் செவ்வாய்க்கிழமை விமான நிலையத்திலேயே காபிக்குக் கொடுத்துவிடுங்கள்.