கோடையில் வாய் பிளக்கும் குன்றுகள்: டியாப்லோ களிமண் கேள்வி பதில்

கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே லிவர்மோர், டப்ளின், சான் ரமோன் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாசலில் நின்றால் மரமே இல்லாத புல் குன்றுகள் தெரியும். மார்ச்சில் பச்சை, ஜூனில் வைக்கோல் நிறம், நடுவே மாடுகள். அந்தக் குன்றுகளில் பெரும்பகுதி களிமண். அதில் அதிகம் பேசப்படுவது ‘டியாப்லோ’ என்ற வகை. மண் ஆய்வுக்குக் குழி தோண்டுவதே என் பிழைப்பு என்பதால், கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சான் ரமோனிலிருந்து: அக்கா, ஆகஸ்டில் குன்றின் மேல் நடக்கப் போனேன். என் கையே நுழைகிற அளவுக்குத் தரையில் வெடிப்பு. நிலநடுக்கக் கோடா?

இல்லை, பயப்படாதீர்கள். மண் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நான் ஒருமுறை இரும்பு நாடாவை அப்படி ஒரு வெடிப்பில் விட்டுப் பார்த்தேன். முக்கால் மீட்டருக்கு மேல் தடையில்லாமல் இறங்கியது. நாடாவை மேலே இழுத்தபோது நுனியில் காட்டு ஓட்ஸ் விதை ஒட்டியிருந்தது. மேல்மண்ணும் விதையும் சருகும் அந்தப் பிளவு வழியாக உள்ளே விழுந்துகொண்டே இருக்கும்.

காரணம் ஸ்மெக்டைட் என்ற களிக் கனிமம். அப்பளக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அப்பளமும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமன். தண்ணீர் கட்டைச் சுற்றி மட்டும் நிற்காமல் ஒவ்வொரு அப்பளத்துக்கும் இடையே புகுந்து அவற்றைத் தள்ளி வைக்கிறது. காய்ந்தால் திரும்ப ஒட்டிக்கொள்கின்றன. சுத்தமான ஸ்மெக்டைட் ஒரு கிராமில் உள்ள பரப்பைப் பிரித்து விரித்தால் 700, 800 சதுர மீட்டர் வரை வரும், அதாவது மூன்று டென்னிஸ் மைதானம். இத்தனை பரப்பும் நீரைப் பிடித்து வீங்கினால் குன்றே கொஞ்சம் உப்பத்தான் செய்யும்.

கோவில்பட்டிக்காரர்: இது நம்ம கரிசல் தானே? பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்களா?

ஒரே வம்சம், வேறு வீடு. உலக வகைப்பாட்டில் இரண்டும் வெர்டிசால் என்ற வரிசையில் வருகின்றன. ‘புரட்டு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

வித்தியாசம் மழையில் இருக்கிறது. கரிசலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. ஈரம் ஏறும்போது வெயிலும் கதகதப்பும் கூடவே இருப்பதால் மானாவாரிப் பருத்தியும் சோளமும் அந்த ஈரத்திலேயே வளர்ந்துவிடும். இங்கே மழை நவம்பர் முதல் மார்ச் வரை, குளிரில் பெய்கிறது. வெயில் ஏறும் மாதங்களில் ஒரு சொட்டு கிடையாது. ஈரம் இருக்கும்போது சூடு இல்லை, சூடு வரும்போது ஈரம் இல்லை. அதனால்தான் இந்தச் சரிவுகள் பெரும்பாலும் பயிருக்குப் போகாமல் மேய்ச்சலுக்கே விடப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று, நம் கரிசல் பெரும்பாலும் சமவெளி. இது குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. களிப்பாறையும் மணற்பாறையும் இருந்த இடத்திலேயே மக்கி உண்டான மண். ஒன்று முதல் இரண்டு மீட்டர் தோண்டினால் மண்வெட்டிக்கே பெயர்கிற மென்பாறை வந்துவிடும்.

டேவிஸில் படிக்கும் மாணவர்: டியாப்லோ மண்ணுக்கு வகைப்பாட்டில் உள்ள முழுப் பெயர் ‘ஃபைன், ஸ்மெக்டிடிக், தெர்மிக் அரிடிக் ஹாப்லோக்சரெர்ட்ஸ்’. அக்கா, இதை மனப்பாடம் செய்ய ஏதாவது வழி?

மனப்பாடம் வேண்டாம் தம்பி, பின்னாலிருந்து பிரித்துப் படியுங்கள். ரயில்பெட்டி மாதிரிக் கழன்று வரும்.

கடைசியில் உள்ள ‘எர்ட்’ வெர்டிசாலைக் குறிக்கிறது. இந்தப் பெயர் கிடைக்க மூன்று தகுதி வேண்டும். மேலிருந்து அரை மீட்டர் ஆழம் வரை களி 30 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வெடிப்பு காலமுறைப்படி திறந்து மூட வேண்டும். ஒரு மீட்டருக்குள் எங்காவது 25 செ.மீ. தடிமனுக்காவது வழுக்குத் தளங்களோ ஆப்பு வடிவக் கட்டிகளோ இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். கத்தியால் ஒரு கட்டியை நெம்பி எடுத்து வெயிலில் சாய்த்தால், ஒரு முகம் மட்டும் தேய்ந்த அம்மிக் குழவி போலப் பளபளக்கும். அதில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். ஈர மண் வீங்க இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்வாக ஏறி உரசிய தடம் அது. முதன்முதலாக அதைப் பார்த்த நாளில், யாரோ சாந்துக் கரண்டியால் இழைத்துவிட்டுப் போனார்கள் என்றே நினைத்தேன்.

அதற்கு முன்னால் உள்ள ‘க்சர்’ குளிர்கால மழை, வறண்ட கோடை என்ற மத்தியதரைக் கடல் பருவம். வெர்டிசாலில் இதை மழைமானியால் தீர்மானிப்பதில்லை, வெடிப்பைப் பார்த்துத்தான். ஜூன் கடைசியில் வரும் நீண்ட பகலுக்குப் பிந்தைய 90 நாளில் தொடர்ந்து 60 நாளாவது வெடிப்பு திறந்திருக்க வேண்டும். டிசம்பரில் வரும் குறுகிய பகலுக்குப் பிந்தைய 90 நாளில் தொடர்ந்து 60 நாளாவது மூடியிருக்க வேண்டும். எனக்கு இந்த முழு முறையிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நிறத்தைக் கேட்காமல், எப்போது வாய் திறந்தாய், எப்போது மூடினாய் என்று மண்ணிடமே கேட்கிறார்கள்.

‘ஹாப்லோ’ என்றால் எளியது, கூடுதல் விசேஷம் எதுவும் இல்லை. ‘அரிடிக்’ என்றால் நீர் பாய்ச்சாத நிலத்தில் 5 மி.மீ.க்குக் குறையாத வெடிப்பு வருடத்தில் மொத்தம் 180 நாளாவது இருக்கிறது. ‘தெர்மிக்’ என்றால் அரை மீட்டர் ஆழத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 15 முதல் 22 டிகிரி. ‘ஸ்மெக்டிடிக்’ நம் அப்பளக் கட்டு. ‘ஃபைன்’ என்றால் களி நிறைய, ஆனால் 60 சதவீதத்துக்குக் கீழே.

அதே மாணவர்: பழைய ஆய்வு அறிக்கையில் ‘குரோமிக் பெல்லோக்சரெர்ட்ஸ்’ என்று இருக்கிறதே?

அதுவும் இதே மண்தான். 1975-இல் வந்த வகைப்பாட்டில் வெர்டிசாலை நிறத்தை வைத்துப் பிரித்தார்கள். சாம்பல், கறுப்பு என்றால் ‘பெல்’, பழுப்பு கலந்தால் ‘குரோம்’. ஆனால் நிறத்தை வைத்து மண் எப்படி நடந்துகொள்ளும் என்று பெரிதாகச் சொல்ல முடியவில்லை. 1990-களில் அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டார்கள். நல்ல காரியம். பக்கத்துக் குன்றில் இருக்கும் அல்டமான்ட் களி பழுப்பு, டியாப்லோ சாம்பல். முன்பு தனித்தனிக் குழு, இப்போது இரண்டுக்கும் ஒரே நீண்ட பெயர்.

லாஸ் ஓஸோஸ் என்ற மண்ணையும் இதே சரிவுகளில் பார்ப்பீர்கள். அதிலும் ஸ்மெக்டைட் உண்டு, ஆனால் அது வெர்டிசால் இல்லை. மேலே இருந்த களி நீரோடு இறங்கி அடியில் ஓர் அடுக்காகப் படிந்திருக்கிறது. டியாப்லோ புரண்டு புரண்டு படுப்பதால் அப்படி மேல், கீழ் என்று தெளிவாகப் பிரிய நேரமே கிடைப்பதில்லை.

ஃப்ரீமான்டிலிருந்து: கறுப்பாக இருக்கிறதே, நல்ல மக்கு நிறைந்த மண் என்று அர்த்தமா?

இல்லை. கொஞ்சம் மக்கு களியோடு இறுகக் கலந்தாலே இந்த நிறம் வந்துவிடும்.

டப்ளினிலிருந்து: கறிவேப்பிலையும் முருங்கையும் வைக்க வேண்டும். கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமா மணல் கலக்கச் சொல்கிறார்.

இரண்டும் வேண்டாம். ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறிய மண்ணுக்கு மருந்து. இந்த மண்ணில் பொதுவாகவே கால்சியம் தாராளம். கீழே சுண்ணாம்பு கூட வரும். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் இருக்கிற வீட்டுக்குக் கால்சியம் கொண்டுபோவானேன்?

மணல் இன்னும் மோசம். ஒரு மூட்டை, இரண்டு மூட்டை கலந்தால் செங்கல்தான் கிடைக்கும். மணல் வேலை செய்ய வேண்டுமானால் பாதிக்கு மேல் மணலாக்க வேண்டும். மக்கிய உரம், மேலே மரத்தூள் மூடாக்கு, முடிந்தால் தரைக்கு மேல் ஒரு அடி உயரப் பாத்தி. மண் கையில் ஒட்டும்போது மட்டும் கொத்தாதீர்கள். ஒட்டாமல் உதிரும் பதம் வருடத்தில் இரண்டு, மூன்று வாரம்தான் இருக்கும், அதை விட்டால் கடப்பாரைதான். முருங்கைக்கு வேரில் ஈரம் நின்றால் ஆகாது, அது பாத்தியிலேயே இருக்கட்டும். கறிவேப்பிலை தொட்டியில். பனிக்கு உள்ளே தூக்கி வைக்க வேண்டுமே.

லிவர்மோரில் நிலம் வாங்கியவர்: 40 ஏக்கர் குன்றை மாட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். நான் என்ன கவனிக்க வேண்டும்?

முதல் மழையைக் கவனியுங்கள். வெடிப்பு திறந்திருக்கும்வரை மழை நேரே ஆழத்துக்குப் போகும், ஓடை கூட நனையாது. மண் வீங்கி மூடிக்கொண்ட பிறகு பெய்வதில் நிறைய ஓடிப்போகும். அந்தச் சமயம் சரிவில் மாடு நின்றால் ஒவ்வொரு குளம்புக்கும் ஒரு குழி. மே மாதம் அது காய்ந்து கல்லாகிவிடும். என் கணுக்கால் சுளுக்கியது அப்படி ஒரு குழியில்தான். அதனால் கனமழை வாரங்களில் மாட்டை மேட்டிலோ கல் கலந்த மண்ணிலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், கோடையில் புல்லை ஒட்ட மேய்த்துவிடக் கூடாது. காய்ந்த புல் கொஞ்சம் நின்றால்தான் அக்டோபர், நவம்பர் மழை மண்ணை அறுக்காது, புதிதாக முளைப்பதற்கும் நிழல் கிடைக்கும். இங்கே வளர்வது காட்டு ஓட்ஸ், புரோம் போன்ற ஒரு பருவப் புற்கள். 1769 முதல் ஸ்பானியர் குடியேறிய பின் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்து பரவியவை. பழைய குடியான ஊதா ஊசிப்புல் பல்லாண்டுப் புல், இன்றைக்கு மாநிலப் புல்லும் அதுதான். உங்கள் நிலத்தில் ஒரு கொத்தாவது இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள்.

அவரே: வேலிக் கம்பங்கள் எல்லாம் ஏன் கீழ்ப்பக்கம் சாய்கின்றன?

ஒவ்வொரு மழைக்கும் மண் வீங்கி எழுகிறது, காயும்போது கொஞ்சம் கீழே தள்ளி உட்காருகிறது. கம்பமும் கூடவே போகிறது. சில வருடத்துக்கு ஒருமுறை நிமிர்த்துவதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: அப்படியானால் குன்றடியில் வீடு வாங்கலாமா? 1982 மண்சரிவைப் பற்றிக் கேட்டால் பயமாக இருக்கிறது.

1982 ஜனவரிப் புயலில் விரிகுடாப் பகுதியில் 18,000-க்கும் மேற்பட்ட சரிவுகள் ஏற்பட்டது உண்மைதான். ஆனால் ஆளைக் கொன்றவை பெரும்பாலும் செங்குத்துச் சரிவிலிருந்து குழம்பாகப் பாய்ந்து வந்தவை. களிக் குன்றுகளின் பாணி வேறு. புல்லோடு சேர்ந்து ஒரு நாக்கு மாதிரி மெதுவாக நகரும், நாள் கணக்கில், மாதக் கணக்கில். உயிரை விட வீட்டுக்குத்தான் ஆபத்து. சரிவில் படிப்படியாக மடிப்புகளோ, மேலே அரைவட்ட வடுவோ தெரிந்தால் நிலப்பொறியாளர் அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சமதளத்தில் உள்ள வீட்டுக்கு முக்கியம் ஒன்றே ஒன்று. அடித்தளத்தைச் சுற்றி ஈரம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் புல்வெளிக்குத் தினமும் தண்ணீர், மறுபக்கம் வறட்சி என்றால் வீடு முறுக்கிக்கொள்ளும், முதலில் கதவு சிக்கும். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழ விடாதீர்கள். பெரிய மரத்தைச் சுவருக்கு அருகில் வைக்காதீர்கள்.

டிரேசியிலிருந்து: என் மனை எந்த மண் என்று எப்படிப் பார்ப்பது?

அமெரிக்க வேளாண் துறையின் ‘வெப் சாயில் சர்வே’ தளம் இலவசம். முகவரி கொடுத்தால் வரைபடம் வரும். ‘டியாப்லோ களி, 15 முதல் 30 சதவீதச் சரிவு’ என்று போட்டிருக்கும். சதவீதத்தை டிகிரி என்று நினைத்துவிடாதீர்கள், 30 சதவீதம் என்றால் 17 டிகிரிதான். அந்த வரைபடம் குன்றுக்குப் பொருந்தும், உங்கள் கொல்லைக்குப் பொருந்தாமல் போகலாம். வீடு கட்டும்போது வெட்டி நிரப்பியிருப்பார்கள். ஒரு பிடி மண்ணை நனைத்துக் கட்டைவிரலால் நாடா மாதிரிப் பிதுக்குங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒடியாமல் தொங்கினால் களி. கையைக் கழுவ அரைமணி ஆகும், வெளிக்குழாயிலேயே கழுவுங்கள்.