கொழும்பில் கச்சேரிப் படம் எடுத்தே பிழைக்க முடியுமா?

"ஒரு நல்ல கமரா வாங்கியிருக்கிறேன், இசை நிகழ்ச்சிகளைப் படம் எடுப்பதையே கொழும்பில் தொழிலாக்கலாமா?" என்பது கேள்வி.

அதை மட்டும் நம்பினால் முடியாது. பன்னிரண்டு வருடமாக இதில் இருக்கிறேன், இன்றைக்கும் என் வீட்டு வாடகையைக் கட்டுவது கல்யாண வீடுகளும் சாமத்தியச் சடங்குகளும்தான். கச்சேரிக் காசு வரும், ஆனால் மாதாமாதம் வராது.

தமிழர்களிடையே ஒழுங்காகக் காசு தரும் இசை வேலை என்றால் அரங்கேற்றம். பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் நடக்கும். ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திறங்கினால், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சனி ஞாயிறுகளில் மண்டபம் கிடைக்காது. பெற்றோருக்குக் குடும்பப் படம் வேண்டும், குருவுக்கு வேறு படம் வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் முதலாவது மிருதங்க அரங்கேற்றத்தில், பாடகரின் முகத்தை ஒலிவாங்கி மறைக்கிறதே என்று சபையின் இடது ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். பாடகர் அழகாக விழுந்தார். பையன்? அவனுடைய முதுகும் பட்டுச் சட்டையும்தான் விழுந்தன. வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர் சபைக்கு இடது பக்கமாக, பாடகரைப் பார்த்து உட்காருவார். அப்போதுதான் வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் முகம், சபையை நோக்கியிருக்கும், நாதம் நேராக வரும். இடக்கைக்காரர் என்றால் அவரும் வயலின்காரரும் பக்கம் மாறி உட்காருவார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. குரு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கை எங்கே?"

அதற்குப் பிறகு ஒரு வருடம் படம் எடுக்காமலும் கச்சேரிகளுக்குப் போய் உட்கார்ந்தேன். தாளம் போடப் பழகினேன், இன்றைக்கும் அரைகுறைதான். ஆனால் அந்த அரைகுறை போதும். தனி ஆவர்த்தனம் என்பது தாளவாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி, அதன் முடிவில் கோர்வை என்ற முத்தாய்ப்பு வரும். அதை மூன்று தரம் வாசிப்பார்கள். முதல் தரம் கேட்டவுடன் கமராவைத் தூக்குங்கள், இரண்டாவது தரம் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள், மூன்றாவது தரத்தில் அமத்துங்கள். மிருதங்கக்காரரின் கை உயர்வதும், பாடகர் அவரைப் பார்த்துச் சிரிப்பதும், முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் அத்தனை கையும் ஒன்றாக விழுவதும் அங்கேதான். விநாடிக்கு இருபது படம் எடுக்கும் கமரா வைத்திருப்பவர்கூட இதைத் தவறவிடுவார், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் வாசலில் சோடா குடித்துக்கொண்டிருப்பார். தனி தொடங்கினால் வெளியே போவது சபையின் பழக்கம். நீங்கள் போகாதீர்கள்.

தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் மட்டும் கமராவைக் கீழே வையுங்கள். ஒருமுறை பாடகர் மந்தர ஸ்தாயியில், கீழ்க்குரலில், மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது என் ஷட்டர் 'டக்' என்றது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்துக் குழல் விளக்குகளில் பல, விநாடிக்கு நூறு தரம் மினுங்கும். அந்த ஷட்டரில் வேகத்தைக் கூட்டினால் படத்தில் கறுப்புப் பட்டி பட்டியாக விழும். நான் ஷட்டர் வேகத்தை 1/100 விநாடியில் வைத்துக்கொண்டு, அசைவு குறையும் கணத்துக்குக் காத்திருப்பேன். கமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவில் 3200, 6400 வரை தயங்காமல் போகலாம், மணல்மணலாகத் தெரிந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆட்டம் கண்ட படத்தைத்தான் திருத்த முடியாது. பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

சினிமாப் பாட்டுக் கச்சேரி வேறு உலகம். சுகததாச உள்ளரங்கு மாதிரி இடங்களில் இந்தியாவிலிருந்து பாடகர்கள் வரும்போது, பெரும்பாலும் முதல் மூன்று பாட்டு வரைதான் மேடைக்கு முன்னால் நிற்க விடுவார்கள். எல்ஈடி விளக்குகள் சிவப்பும் ஊதாவுமாகக் கொட்டும், முகத்தில் சிவப்பு நிரம்பி மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள், பிறகு நிறத்தைத் திருத்த இடம் தரும் 'ரோ' கோப்பாக எடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுக் கலை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லியிருக்கிறேன். காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் காதுக்குப் பாதுகாப்பு, ஸ்பீக்கரின் வாயில் நிற்பவருக்கு அது இரண்டு மூன்று பாட்டுத்தான். எனக்கு இடது காதில் இப்போது ஒரு 'கீ' நிரந்தரமாக இருக்கிறது, சுருதி எது என்று இன்னும் பார்க்கவில்லை.

காசு விஷயம். பாதி முற்பணம் வாங்காமல் திகதி எழுதாதீர்கள். ஓர் ஏற்பாட்டாளர் என் படத்தை அடுத்த வருடச் சுவரொட்டிக்குப் போட்டார், பெயருமில்லை பணமுமில்லை. கேட்டபோது "உங்களுக்கும் விளம்பரம்தானே தம்பி" என்றார். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, நான் வாங்க நினைத்திருந்த லென்ஸ் கனவாகிவிட்டது. மின்வெட்டில் நிகழ்ச்சிகளும் நின்றன. அதனால் இருப்பதைக் காப்பாற்றுங்கள். கடற்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கொழும்பு 7 பக்கம் போனால் லயனல் வெண்ட் அரங்கை ஒருதரம் பாருங்கள். 1953இல் திறந்தது. வெண்ட் சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், கடைசியில் பெயர் வாங்கியது புகைப்படக்காரராக. நம் தொழிலுக்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால் இவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது? கோயில் திருவிழாவில். இரவில் சாமி வீதியுலா வரும்போது நாதஸ்வரமும் தவிலும் ஒரு சந்தியில் நின்று வாசிக்கும். அனுமதி அட்டை தேவையில்லை, கன்னம் புடைக்கும் முகங்களும் தவில் அடிக்கக் கூடு மாட்டிய விரல்களும் கைக்கெட்டும் தூரத்தில். எடுத்த படத்தை மறுநாளே வாசித்தவருக்கு அனுப்புங்கள். என் முதல் வேலை அப்படி வந்ததுதான், ஒரு தவில்காரர் தன் மருமகளின் வீணை அரங்கேற்றத்துக்குக் கூப்பிட்டார். நான் அனுப்பிய படத்தை இன்றும் வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருக்கிறார். அதில் தெளிவாக விழுந்திருப்பது அவருக்குப் பின்னால் போன குடைதான். அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.