கூகுளின் கையை அரசு பிடிக்கட்டுமா?

கேள்வி: டர்பன் தமிழ்க் கோயில்களைப் பற்றித் தமிழில் தேடினால் கூகுள் தமிழ்நாட்டுப் பக்கங்களைத்தான் கொண்டுவந்து கொட்டுகிறது. எங்கள் கோயிலின் நூற்றாண்டு மலரை இணையத்தில் ஏற்றி ஒரு வருஷம் ஆயிற்று. எங்கேயும் தலைகாட்டவில்லை. உள்ளூர்ப் பக்கங்களைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அரசு சட்டம் போட்டால் என்ன?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: போடக் கூடாது, அம்மா.

நீங்கள் எழுதியனுப்பிய முகவரியில் போய் மலரைப் பார்த்தேன். அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை எல்லாமே ஸ்கேன் செய்த படங்கள். நடுவில் ஒரு பக்கத்தில் கோயிலுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்கள், கூலி ஒப்பந்த எண்ணோடு, மங்கிய அச்சில் இருக்கின்றன. அதில் ஒரு பெயரையாவது சுட்டியால் பிடித்து நகலெடுக்கலாம் என்று பார்த்தேன். ஓர் எழுத்துகூட அகப்படவில்லை. நம் கண்ணுக்கு அது பெயர்ப் பட்டியல். தேடுபொறிக்கு அது பெரும்பாலும் வெறும் படம். கோயிலின் முகப்புப் பக்கத்தில் எழுத்து இருக்கிறது, ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்திய பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அருள்மிகு’ என்ற சொல் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கிறது. யூனிகோடில் தட்டித் தேடுகிறவருக்கு அது எப்படிச் சிக்கும்?

பெயர்களின் கதை இன்னொன்று. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சம் இந்தியர்களின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார். தமிழில் தேடும் பேத்திக்கும் ஆங்கில ஏட்டில் இருக்கும் பூட்டனுக்கும் நடுவில் நூறு வருஷத்து எழுத்துப்பிழை நிற்கிறது. இதில் எதையும் கூகுள் மறைக்கவில்லை. நாம் எழுதி வைக்கவில்லை. நம் இதழின் பழைய ஆண்டுகளும் இதே கதியில்தான் கிடக்கின்றன. அதற்குப் பொறுப்பு நான்.

இனி சட்டம். எதை முன்னே வைப்பது, எதைக் கண்ணில் படாமல் வைப்பது என்ற வேலையை நிறவெறி ஆட்சிக் காலத்தில் அரசிடம் விட்டுப் பார்த்த நாடு இது. 1974-ன் வெளியீடுகள் சட்டப்படி எந்தப் புத்தகம் கூடாது என்பதை அரசிதழ் சொல்லும். தடை விதிக்கப்பட்ட ஒருவரின் வாய்ச்சொல்லை மேற்கோள் காட்டினால் குற்றம். தொலைக்காட்சியையே 1976 ஜனவரி வரை உள்ளே விடவில்லை. 1986 நெருக்கடி நிலையில் வரி வரியாகக் கறுப்பு மை பூசிய செய்தித்தாள் வந்தது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் பாடப்புத்தகச் சங்கதி இல்லை.

அந்த அரசு வேறு, இந்த அரசு வேறு என்பீர்கள். உண்மை. தகவலைப் பெறும் உரிமையையும் கொடுக்கும் உரிமையையும் நம் அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. ஆனால் ஆட்கள் மாறுவார்கள், சட்டம் நிற்கும். ‘உள்ளூருக்கு முதலிடம்’ என்று இன்று நீங்கள் கேட்டு வாங்கும் விசையை, எது உள்ளூர், எது நல்ல செய்தி என்று முடிவு செய்யப்போகும் நாளைய அமைச்சரும் அழுத்துவார். ஒரே கம்பெனி, ஒரே விசை என்றால் அவருக்கு வேலை இன்னும் சுலபம்.

தேடுபொறி தரும் வரிசை என்பது அதை நடத்துகிறவரின் கருத்து. 2003-ல் அமெரிக்காவில் ஒக்லஹோமா நீதிமன்றம் கூகுள் வழக்கில் அப்படித்தான் சொன்னது. 2014-ல் நியூயார்க்கில் வந்தது அதைவிடக் கசப்பான வழக்கு. சீனாவில் ஜனநாயகம் கேட்டு எழுதியவர்கள், தங்கள் எழுத்தைச் சீனத் தேடுபொறியான பைடு மறைக்கிறது என்று போனார்கள். நீதிபதி பைடு பக்கம் தீர்ப்புச் சொன்னார். என் மனம் வழக்குப் போட்டவர்களோடுதான். ஆனாலும் தீர்ப்பு சரி. உங்கள் கடிதத்தை முதலில் போடு, அடுத்தவர் கடிதத்தைக் கடைசியில் போடு என்று எந்த அதிகாரியும் எனக்கு உத்தரவிட முடியாதபடி காப்பதும் அதே கொள்கைதான்.

கூகுளுக்கு நான் வக்கீல் இல்லை. விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அதை உண்டாக்கிய இருவரே 1998-ல் எழுதினார்கள். 2006-ல் சீன அரசுக்குப் பணிந்து தணிக்கை செய்த தேடலை அங்கே நடத்தியது, 2010-ல்தான் வெளியே வந்தது. போன்களிலும் உலாவிகளிலும் தானே முன்னிருப்புத் தேடுபொறியாக இருப்பதற்கு 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. பிடிக்கவில்லையா? உலாவியின் அமைப்பில் போய் டக்டக்கோ, பிங் என்று வேறு தேடுபொறிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு நிமிஷ வேலை. அரசின் வரிசையை அப்படி மாற்ற முடியாது.

நம் நாட்டின் போட்டி ஆணையம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையில் உங்கள் கட்சியே பேசியது: கூகுள் வெளிநாட்டு ஊடகங்களை முன்னே காட்டுகிறது, ஆகவே வருஷத்துக்கு 30 கோடி முதல் 50 கோடி ராண்ட் வரை உள்ளூர் ஊடகங்களுக்குத் தரட்டும் என்று. அந்த மாதிரிப் பணம் இந்த இதழுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கம்பெனி கொடுத்து, அரசு வாங்கித் தரும் காசில் நடக்கும் பத்திரிகை இரண்டு பேரைப் பற்றியும் எழுதத் தயங்கும். இதே ஊரில் 1903-ல் தமிழ், குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழியில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பின்னாளில் விளம்பரமே வேண்டாம் என்று நிறுத்தியது. காந்தி எடுத்த முடிவு அது. பணமுடை இருந்தும் எடுத்தார்.

சனிக்கிழமை காலை மலரோடு அலுவலகத்துக்கு வாருங்கள். தமிழ் தட்டத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். கல் சுமந்தவர்களின் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். ஒவ்வொரு பெயரையும் தமிழில் ஒரு முறை, கப்பல் ஏட்டில் உள்ளபடி ஆங்கிலத்தில் ஒரு முறை.