மலை மறைந்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: வடவள்ளியில் 1996-இல் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மருதமலை முழுதாகத் தெரியும். இப்போது மேற்குப் பக்கத்துச் சைட்டில் மூன்று மாடி எழுப்புகிறார்கள். அதை நிறுத்த முடியுமா? பூங்காவுக்கென்று வரைபடத்தில் ஒதுக்கிய தெருக்கோடி ரிசர்வ் சைட்டிலும், மனை போட்டவரின் வாரிசுகள் கம்பி வேலி போட்டு விலை பேசுகிறார்கள்.

பதில்: நிறுத்த முடியாது. தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டவருக்கு இது கசக்கும். ஆனால் காட்சியை நம் சட்டம் உரிமையாக ஏற்பதில்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு வெளிச்சத்தையும் காற்றையும் பேசுகிறது, காட்சியை அல்ல. அதுவும் கட்டடத்துக்குள் 20 ஆண்டுகள் தடையின்றி வந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டினால் மாநகராட்சியில் புகார் கொடுங்கள். அதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த ரிசர்வ் சைட், அதுதான் உங்கள் வழக்கு. பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வடவள்ளி அப்போது பேரூராட்சி. 2011-இல்தான் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. எனவே பத்திரம் இருந்தால் பேரூராட்சி பெயரில் இருக்கும். மாநகராட்சி பெயரில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். சர்வே எண்ணை வைத்து 1996 முதல் வில்லங்கச் சான்று போடுங்கள். பத்திரம் கிடைத்தால் சார்பதிவாளரிடம் மனுவோடு கொடுங்கள். உள்ளாட்சி நிலத்தை உரிய அனுமதியின்றி யாரும் விற்றுப் பதிவதைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது.

பத்திரமே எழுதாமல் விட்டிருந்தால்? வாரிசுகள் பட்டாவைக் காட்டுவார்கள். பயப்பட வேண்டாம். பூங்கா என்று வரைபடத்தில் காட்டித்தான் அவர்கள் தந்தை உங்களுக்குச் சைட் விற்றார். தகவல் உரிமைச் சட்டப்படி நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அந்த வரைபட நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பெங்களூருவில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. அங்கே வழக்காடியவர்களும் அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்களே.

மாநகராட்சி ஆணையருக்குத் தெருவே சேர்ந்து மனு கொடுங்கள். அசையாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்குள் அஸ்திவாரம் தோண்டினால் உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள். வேலியை மட்டும் நீங்களே பிடுங்கிவிடாதீர்கள். போலீஸ் புகார் உங்கள் மீது திரும்பும். தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.