கல்லாப்பெட்டியில் பிட்காயின்: இந்த வாரக் கேள்வி-பதில்

கேள்வி: உள்ளூர்க் கடையில் 4,500 ரூபாய் மிக்ஸி வாங்கினேன். கிரிப்டோ வாங்கிக்கொள்வதாகச் சொன்னதால் அதற்கு ஈடான பிட்காயினை அனுப்பினேன். பத்தாம் நாள் மோட்டார் புகைந்துவிட்டது. கடைக்காரர், "எங்க கடையில வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?" என்கிறார். (ஈரோடு வாசகர்)

பதில்: பில்? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், அந்தச் சொல்லே இல்லை. "பில் வேணாம்னா 200 குறைச்சுக்கலாம் சார்" என்றதும் தலையாட்டுகிற வியாதி நம் ஊரில் யாரை விட்டது? நானும் ஆட்டியவன்தான். அப்படி வாங்கிய டேபிள்டாப் கிரைண்டர் ஆறே மாதத்தில் நின்றுபோய், இப்போது மொட்டை மாடியில் துளசித் தொட்டிக்கு முட்டாக இருக்கிறது. யுபிஐயில் கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கில் கடையின் பெயராவது இருக்கும். பிட்காயினில் மிஞ்சுவது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள முகவரி. அது அந்தக் கடைக்காரருடையதுதான் என்று காட்டுவது உங்கள் தலையில் விழும்.

வரி வேறு இருக்கிறது. காயினைக் கொடுத்துப் பொருள் வாங்கினாலும் வருமான வரிக் கணக்கில் அது விற்பனைதான். 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ். 3,500-க்கு வாங்கிய காயின் மிக்ஸி வாங்கிய அன்று 4,500 ஆகியிருந்தால், 312 ரூபாய் வரி. இன்னொரு காயினில் நஷ்டப்பட்டிருந்தால் அதை இதில் கழிக்கவும் முடியாது.

சரி, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், க்யூஆர் படம், வாரண்டி அட்டையில் கடை முத்திரை என்று கையில் எது இருக்கிறதோ எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: பழைய லிஸ்டில் இருந்த வேறு யாரோ ஒருவருடைய முகவரிக்குக் காயினை அனுப்பிவிட்டேன். திரும்ப வருமா?

பதில்: அந்த யாரோ மனசு வைத்தால் வரும். கடைசி நாலு எழுத்தைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கேள்வி: மொபைல் கடை வைத்திருக்கிறேன். 48,000 ரூபாய் போனுக்கு டெதர் (டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும்படி வைத்திருக்கும் கிரிப்டோ காயின்) தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இங்கே கிரிப்டோவுக்குத் தடை இல்லை, ஆனால் அது சட்டப்படியான பணமும் இல்லை. மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வாங்கினால் காயினை வாங்குபவர் நீங்கள் என்று ஆகிவிடும். வருஷ வரம்பைத் தாண்டினால் 1 சதவீத டிடிஎஸ், அதாவது விற்பவருக்குக் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி, உங்கள் பொறுப்பு. அப்புறம் அதை முகம் தெரியாத ஒருவருக்கு விற்கிறீர்கள். அவர் போடும் ரூபாய் மோசடிப் பணமாக இருந்தால் போலீஸ் முடக்குவது உங்கள் கணக்கை. மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் அங்கேதான் திரும்பும்.

கேள்வி: மளிகைக் கடையிலும் செலவழிக்கலாம் என்று ஒரு காயினை டெலிகிராம் குழுவில் விற்றார்கள். அம்மா ஓய்வூதியத்திலிருந்து 3 லட்சம் போட்டார். செயலியில் 9 லட்சம் காட்டுகிறது. எடுக்க 60,000 'வரி' கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அந்த 9 லட்சம் திரையில் மட்டும் இருக்கிற எண். வரியைக் கட்டுவது அரசுக்கு, செயலிக்காரனுக்கு அல்ல. இப்போதே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அம்மா பணம் அனுப்பிய கணக்கு எண், தேதி, தொகை கையில் இருக்கட்டும். பணம் இன்னும் நகராமல் இருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. "மீட்டுத் தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு இன்னொரு கூட்டம் வரும், அவர்களையும் நம்பாதீர்கள். அம்மாவைத் திட்டாதீர்கள். நாளெல்லாம் இதே தொழிலாக இருப்பவர்களிடம் மாட்டியிருக்கிறார், பாவம்.

கேள்வி: டிஜிட்டல் ரூபாயும் கிரிப்டோதானே?

பதில்: இல்லை. 2022 டிசம்பரில் ரிசர்வ் வங்கி சோதனையாக விட்ட, நோட்டுக்குச் சமமான பணம். 100 என்றால் நாளைக்கும் 100.

கேள்வி: டீக்கடையில் கிரிப்டோ எப்போது வரும்?

பதில்: மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் 2021-ல் கடைகள் பிட்காயினை வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். நம் டீக்கடை அண்ணனிடம் க்யூஆர் அட்டை ஏற்கெனவே தொங்குகிறது. அதே 2021-ல் நானும் நாய்ப் படம் போட்ட ஒரு காயினை 5,000 ரூபாய்க்கு வாங்கினேன். நேற்று பார்த்தேன்: ஒரு பிரியாணிக்குக் காணும், முட்டைக்குத் தனியாகக் காசு போட வேண்டும்.